மாதையன் முயலுக்குக் கொடுக்கும் மருந்து

முயலைத் துண்டில் சுற்றி, காது இரண்டும் மட்டும் வெளியே நிற்கும்படி மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டால் அது உதைக்காது. அப்புறம் இடது கைக் கட்டைவிரலை வாயோரத்தில், பல் இல்லாத இடமாகப் பார்த்து நுழைக்க வேண்டும். வாய் தானாகத் திறக்கும். திறந்த வாயில் கோழி இறகால் மருந்தைத் தொட்டுத் தொட்டுச் சொட்டு விடுவார் மாதையன். விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு ஏமாற்றுகிற முயலின் முகத்தில் 'ப்பூ' என்று ஊதுவார், கைக்குழந்தைக்கு ஊதுகிற மாதிரி. தொண்டை ஏறி இறங்கியதும் துண்டைப் பிரித்து, "கசக்குதா? கசக்கட்டும். கசந்தாத்தான் ஒடம்புல நிக்கும்" என்று சமாதானம் சொல்லிக் கீழே விடுவார். அது ஓடிப்போய்க் கூண்டு மூலையில் முகத்தை வைத்துக்கொள்ளும். அவர் அடுத்ததைப் பிடிப்பார்.

எல்லா முயலுக்கும் ஆன பிறகுதான் மாதையன் வாய் கொப்பளிப்பார். அதற்குள் வெயில் புளியமரத்துக்கு மேலே வந்திருக்கும். மற்ற வீடுகளில் கூழ் குடித்துவிட்டுக் கொல்லை வேலைக்குப் போயிருப்பார்கள். மாதையன் மட்டும் உரைகல்லைக் கழுவிக்கொண்டிருப்பார்.

அந்தக் கல் குழந்தைக்கு மருந்து உரைக்கிற கல். விளக்கில் சுட்ட வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய் என்று ஒவ்வொன்றாக அதில் இழைத்து, வழித்து, கிண்ணத்தில் சேர்ப்பார். ஜவ்வாது மலையில் பிறந்த எந்தக் குழந்தையும் இந்தக் கசப்பை ருசி பார்க்காமல் வளர்ந்ததில்லை. முயல், தூக்கிப் பார்த்தால் பிறந்த குழந்தையின் கனம் இருக்கிறது. ஆகவே குழந்தைக்கு உண்டான அளவே முயலுக்கும் என்பது மாதையனின் கணக்கு. இது போதாதென்று பனிக்காலத்தில் துளசிச் சாறு, மழைக்காலத்தில் பூண்டு தட்டிப் போட்ட ஓமத்தண்ணீர், வெயிலுக்குக் கீழாநெல்லி, அவ்வப்போது ஒரு நக்குத் தேன். அமாவாசைக்கு அமாவாசை விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடுவார். விட்டுவிட்டு அன்றைக்குத் தானும் சாப்பிட மாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த முயல்களுக்கு நோய் நொடி எதுவும் இல்லை. நோய் இல்லாதபோதே கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் மாதையனின் கட்சி.

படவேட்டுக்கு மேலே காட்டு வழியாக மலை ஏறினால் வருகிற ஊர் அத்திக்கொல்லை. நான் சொல்லும் சமயம் எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாதையனுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சரிவில் கொஞ்சம் சாமைக் கொல்லை, வரப்பில் நாலைந்து புளியமரம், இதுதான் அவருடைய சொத்து. ஆள் ஒல்லி. காதில் சின்னக் கடுக்கன். கையை முகர்ந்தால் எப்போதும் பூண்டும் வசம்பும் கலந்து அடிக்கும். மனிதர்களிடம் அவ்வளவாகப் பேச மாட்டார், பேசினாலும் பாதியில் எழுந்து போய்விடுவார். பூனை நாய் என்று வந்துவிட்டால் ஆள் வேறு. எங்கேயாவது ஒரு நாய்க்குட்டி படுத்திருந்தால் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு அதன் காதை முகர்ந்து பார்ப்பார். காதின் வாடையிலேயே வயிற்றின் நிலைமை தெரிந்துவிடும் என்பார். தெரியுமா தெரியாதா என்று சோதித்துப் பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை.

அவருக்கு வைத்தியத்தில் பேர் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அத்திக்கொல்லைப் பள்ளிக்கூடத்துக்கு ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஆதிநாராயணன் வாத்தியார் ஒரு கிளி வளர்த்தார். அது தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கொண்டு உரித்த கோழியாக உட்கார்ந்திருந்தது. மாதையன் அதற்கு மஞ்சள் தண்ணீரில் குளிக்க வார்த்து, முளை கட்டிய கேழ்வரகும் பப்பாளி விதையும் கொடுத்தார். கிளிக்குப் பச்சை திரும்பியது. வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமெல்லாம் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவின் நாய்க்குட்டி வயிறு உப்பிக் கிடந்தபோது மாதையன் வேப்பங்கொழுந்தை வெல்லத்தில் பொதிந்து விழுங்க வைத்தார். மறுநாள் புழுவாகக் கொட்டிற்று. அதிலிருந்து அத்திக்கொல்லையில் மனிதர்களுக்குக் காய்ச்சல் என்றால் ஜமுனாமரத்தூருக்கு நடந்தார்கள், பூனைக்குக் காய்ச்சல் என்றால் மாதையன் வீட்டுக்கு வந்தார்கள்.

வந்தவர்களுக்கு முதலில் கிடைப்பது வசவுதான். நோவு கண்ட பிறகு தூக்கிக்கொண்டு வருகிறாயே, அதற்கு முன்னால் எங்கே போயிருந்தாய் என்று பிடித்துக்கொள்வார். இதை அவர் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்வார். "வந்தப்பறம் குடுக்கறது மருந்து இல்ல. அது பயம். வர்றதுக்கு முன்னாடி குடுத்தாத்தான் அது மருந்து." சொல்லும்போது முகம் கடுகடுவென்று இருக்கும். கேட்டவர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கோபம் தங்கள் மேல் இல்லை என்று ஊருக்குத் தெரியும்.

பாஞ்சாலை என்பவள் அவருடைய மனைவி. முயல்கள் அவள் கொண்டுவந்தவை. ஒவ்வொரு பங்குனியிலும் புளி அடித்துக் கூடையில் எடுத்துக்கொண்டு சந்தவாசலுக்கு இறங்குவாள். அங்கே கோபால்சாமி என்பவரின் நாட்டு மருந்துக் கடையும் மளிகையும் சேர்ந்த கடையில் போட்டுவிட்டு உப்பு, மிளகாய், மண்ணெண்ணெய் வாங்கி வருவாள். கோபால்சாமியின் மனைவி மங்கம்மாளுக்கும் இவளுக்கும் நல்ல ஒட்டு. மங்கம்மாள் வீட்டுப் பின்புறத்தில் வெள்ளை முயல்கள் துள்ளிக்கொண்டிருக்கும். ஒரு பங்குனியில் பாஞ்சாலை உப்பு மூட்டைக்கு மேலே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

முயலைக் கண்ணி வைத்துப் பிடிக்கிற மலையில் முயலுக்குப் புல் போடுகிற வீட்டை யார் பார்த்திருக்கிறார்கள்? ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. மாதையனும் சிரித்தார். கொழம்பு வைத்தால் ஒரு வேளைக்குக் காணாது, இதற்கா இந்தச் சவரட்டணை என்றார். பாஞ்சாலை அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டை முயலுக்குப் பாப்பா என்று பேர் வைத்தாள். காலையில் ஒரு கை புல், சாயங்காலம் வள்ளிக்கிழங்குக் கொடி, ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர். அவ்வளவுதான் அவள் செய்தது. குட்டிகள் போட்டன, குட்டிகள் குட்டி போட்டன, வீட்டுப் பின்னால் வெள்ளை வெள்ளையாக ஓடின. மாதையன் அந்தப் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை.

பிறகு ஒரு ஐப்பசியில் பாஞ்சாலைக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. கொல்லையில் அறுத்துப் போட்ட சாமை நனைந்துகொண்டிருந்தது. கீழே கூட்டிப்போ என்று அவள் கேட்டாள். போக முடியாவிட்டால் ஒரு கசாயமாவது வைத்துக் கொடு என்றாள். வெறும் குளிர்தான், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மாதையன் சாமையைக் காப்பாற்றப் போனார். சாமையை மூடிவைத்தார். மறுநாளும் மழை. அதற்கும் மறுநாள் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி இறக்கத்தில், தூக்கினவர்கள் தோள் மாற்றுவதற்காக இறக்கி வைத்த இடத்தில், அவள் போய்விட்டிருந்தது தெரிந்தது. அடிவாரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது.

அந்த வருஷத்துச் சாமையை மாதையன் தொடவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு பின்பக்கம் போய் உட்கார்ந்தார். முயல்கள் புல் இல்லாமல் கூண்டைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக ஒன்றைத் தூக்கி மடியில் வைத்தார். மறுநாள் உரைகல்லைத் தேடி எடுத்தார். பூனை நாய் என்று அவர் கை வைக்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

இதற்கு மேல் ஒருவன் ஒரு முயலைப் பார்த்துக்கொள்ள முடியாது என்கிற அளவுக்கு மாதையன் பார்த்துக்கொண்டார். கூண்டை மூங்கிலில் புதிதாகக் கட்டினார். அடியில் சாமை அறுத்த தாளை வைக்கோல் மாதிரி பரப்பினார், தினமும் மாற்றினார். ஒரு புழுக்கை கிடக்கப் பொறுக்க மாட்டார். பாஞ்சாலை இருந்தபோது அழுக்கும் மண்ணுமாகத் திரிந்த முயல்கள் இப்போது துவைத்துப் போட்டது போல் சுத்தமாக இருந்தன. இருந்தும் ஏனோ குட்டி போடுவது நின்றுபோயிற்று. ரோமத்தில் இருந்த பளபளப்புப் போயிற்று. தடவினால் முதுகெலும்பு கையில் தட்டியது. காற்று மாறுகிறது, ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார். மருந்தில் ஒரு இழைப்பு கூட்டினார்.

கூட்டியும் தேறவில்லை என்றதும் வெளிச்சம் வருகிற நேரத்திலேயே கூண்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தார். அப்படிக் கவனித்தபோதுதான் அதைப் பார்த்தார். பாப்பா குனிந்து, தலையைப் பின்னங்கால்களுக்கு இடையில் கொண்டுபோய், தன் கழிவைத் தானே வாயில் வாங்கி விழுங்கியது. விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காதது போல் மீசையைத் துடைத்துக்கொண்டது. மற்ற முயல்களும் அதையே செய்தன. மாதையனுக்குச் சொரேர் என்றது. தன் வீட்டுக் குழந்தை அடுத்தவன் வீட்டு எச்சில் இலையை நக்குவதைப் பார்த்துவிட்ட தகப்பனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவருக்கு. அவமானமாக இருந்தது. அம்மாக்கண்ணுவிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவள் "அய்ய" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

காரணம் மாதையனுக்கு உடனே பிடிபட்டது. மண் தின்கிற குழந்தையைப் பார்த்ததில்லையா? வயிற்றில் பூச்சி இருந்தால் கண்டதைத் தின்னச் சொல்லும். இத்தனை மருந்து கொடுத்தும் உடம்பில் ஒட்டாததற்குக் காரணம் இந்தப் பூச்சிதான். வேப்பங்கொழுந்தை இரட்டிப்பாக்கினார். அமாவாசைக்கு மட்டும் கொடுத்த விளக்கெண்ணெயைப் பௌர்ணமிக்கும் கொடுத்தார். பூச்சி எதுவும் விழவில்லை. விடிகாலையில் முயல்கள் குனிவதும் நிற்கவில்லை.

கன்றுக்குட்டி மண் தின்ன ஆரம்பித்தால் மலையில் என்ன செய்வார்கள்? மூங்கிலைச் சன்னமாகச் சீவி வாய்க்கூடை பின்னி மாட்டிவிடுவார்கள். அதையே மாதையன் முயலுக்குச் செய்தார். எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்த அளவுக்கு, மூச்சு விட இடைவெளி விட்டு, பிசிறு குத்தாமல் இருக்க உள்ளே துணி வைத்து, கழுத்துக்குப் பின்னால் முடிந்துகொள்ளக் கயிறோடு, ஒவ்வொரு முயலுக்கும் ஒரு வாய்க்கூடை. அந்தப் பின்னலைப் பார்த்து ஆதிநாராயணன் வாத்தியார், "நீர் பொன் வேலைக்குப் போயிருக்கலாமே" என்றார். சாயங்காலம் புல் தின்று முடித்ததும் மாட்டிவிடுவார். காலையில் மருந்து கொடுக்கும்போதுதான் கழற்றுவார். இரவில் விழுந்து கிடப்பதையெல்லாம் வெளிச்சம் வந்ததும் ஒன்று விடாமல் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டினார். இனிமேல் தேறிவிடும் என்று அவருக்கு நிச்சயமாக இருந்தது. அவர் சிரித்துப் பேசி ஊர் பார்த்தது அந்தக் கொஞ்ச காலத்தில்தான்.

முயல்கள் சாக ஆரம்பித்தன. வலிப்பில்லை, கத்தலில்லை. புல்லைத் தின்றுகொண்டே இளைத்தன. நாளெல்லாம் தின்றன, அப்படியும் தோலும் எலும்புமாகி, ஒரு காலையில் கையில் தூக்கும்போது தலை தொங்கும். ஒவ்வொன்று போகும்போதும் மாதையன் ஒரே தீர்மானத்துக்கு வந்தார், நான் லேட் பண்ணிட்டேன் என்று. பட்டணத்துச் சொல் மலையில் எதற்கு வந்ததோ, இதற்காகத்தான் வந்தது போல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்ததுக்கு இன்னும் முன்னால், இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார். அடுத்ததும் போயிற்று. செத்ததை யாராவது கறிக்குக் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார். யாரும் கேட்கவில்லை. கிண்டல் செய்கிறவர்கள்கூட அந்தப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தார்கள். அம்மாக்கண்ணு பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மாதையன் எழுந்திருக்கவில்லை. வேறு யாரிடமாவது காட்டு என்றார். வேறு யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். பிறகு பூனையோடு திரும்பிப் போய்விட்டாள்.

கடைசியில் பாப்பா மட்டும் மிஞ்சியது. பாஞ்சாலை கையால் தூக்கி வந்த ஜோடியில் மிச்சம் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் அவள் தொட்டு வளர்த்தது என்று எதுவுமே இருக்காது. மாதையன் வெளியில் சொல்லவில்லை. ஆனால் அவர் கும்பிடாத சாமி இல்லை. பாப்பா நிற்கும்போது பின்னங்கால் நடுங்கியது.

குழந்தை பிழைக்காது என்று கைவிடுகிற நிலைமையில் கோரோசனை உரைத்துக் கொடுப்பார்கள். அது மலையில் கிடைக்காது. சந்தவாசலில் கோபால்சாமியிடம் இருக்கும். ஒரு கூடையில் பாஞ்சாலையின் பழைய சேலையை மடித்துப் போட்டு, பாப்பாவை அதில் படுக்க வைத்து, வெயில் ஏறுவதற்குள் மாதையன் மலை இறங்கினார். டோலி இறக்கி வைத்த அந்த இடத்தில் அவர் எப்போதும் நிற்காமல் வேகமாக நடந்துவிடுவார். அன்றைக்கும் அப்படியே நடந்தார்.

கோபால்சாமி அவரைக் கண்டதும், முயலுக்கு லேகியம் கிண்ட ஜாதிக்காய் வேணுமா என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். கூடைக்குள் எட்டிப் பார்த்தவர் கேலியை அங்கேயே விட்டார். கோரோசனை என்று கேட்டதும் உள்ளே பெட்டியைத் திறந்து தேடிக்கொண்டே மனைவியைக் கூப்பிட்டார். மங்கம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பாப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு முதுகைத் தடவினாள். பிறகு மூக்கைச் சுற்றிலும் பார்த்தாள். அங்கே ரோமம் தேய்ந்து வட்டமாகத் தோல் தெரிந்தது.

"இது இன்னாண்ணா தழும்பு?"

மாதையன் மடியிலிருந்து வாய்க்கூடையை எடுத்துக் காட்டினார். காட்டும்போது அந்த நிலைமையிலும் கைவேலைக்காரனின் சின்ன கர்வம் முகத்தில் வந்துபோனது. விடிகாலையில் அது செய்கிற அசிங்கத்தைச் சொன்னார். பூச்சி என்று தான் கண்டுபிடித்ததைச் சொன்னார். வேப்பங்கொழுந்து, விளக்கெண்ணெய், பூண்டு என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் விட்டுவிடவில்லை, எதிலும் குறை வைக்கவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பது போல் சொன்னார். மங்கம்மாள் நின்றவள் மெல்ல உட்கார்ந்தாள்.

"அது அப்பிடித்தாண்ணா திங்கும்" என்றாள். "விடியக்காலைல மெத்துன்னு ஒண்ணு போடும். அத்தத் திரும்பத் தின்னாத்தான் தின்ன புல்லு ஒடம்புல சேரும். மாடு அசை போடுதில்ல? மாட்டுக்கு வாய் வழியா வருது, இதுக்கு இந்த வழியா வருது. அது வாயக் கட்டிட்டா, இன்னா தின்னாலும் அதுக்குப் பட்டினிதாண்ணா."

மாதையன் வாய்க்கூடையைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டார். உன் முயலுக்கு நீ என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கறதில்ல. புல்லு, தண்ணி. பேதிக்கு வுட்டா மொசலு தாங்காதுண்ணா." சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கிவிட்டு, மனசில் கள்ளம் இல்லாதவள், சொல்லிவிட்டாள். "பாஞ்சாலைக்குத் தெரியுமே. கூடைல வெச்சுக் குடுத்த அன்னிக்கே சொல்லி அனுப்புனேன். அவ வுழுந்து வுழுந்து சிரிச்சா."

திறந்திருந்த கதவு வழியாகப் பின்புறம் தெரிந்தது. மங்கம்மாளின் முயல்கள் மண்ணைக் கிளறிப் போட்டுப் புழுக்கையும் புல்லுமாகக் கிடந்த இடத்தில் புரண்டுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கொழுகொழு என்று இருந்தது. அவற்றுக்கு யாரும் மருந்து கொடுத்ததில்லை. மாதையன் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாஞ்சாலைக்குத் தெரிந்திருந்தது. அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், இந்த முயலுக்கு என்ன வேண்டும் என்று அவர் ஒரு தரம் கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்டதில்லை. அவள் கேட்ட ஒரு கசாயத்தையும் வைத்துக் கொடுத்ததில்லை. அவளுக்குக் கொடுக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து முயல்களுக்குக் கொடுத்தார், கொடுத்தே கொன்றார். அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வரவில்லை.

கோபால்சாமி கோரோசனைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் அதைப் பெட்டியிலேயே திரும்பப் போட்டார்.

இனிமேல் கட்டாமல் விட்டால் பிழைக்குமா என்று மாதையன் கேட்டார். விட்டுப் பாருங்கண்ணா என்றாள் மங்கம்மாள். சொல்லும்போது அவள் பாப்பாவைக் கூடையில் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள், அவரைப் பார்க்கவில்லை. உள்ளே போய், கண் திறந்து கொஞ்ச நாளான இரண்டு குட்டிகளை மடியில் அள்ளிக்கொண்டு வந்து எடுத்துப் போகச் சொன்னாள். பாஞ்சாலைக்குக் கொடுத்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். குட்டிகள் அவள் மடியை விட்டு இறங்கி மாதையனின் கால் விரலை முகர்ந்தன. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எங்கிட்ட வாணாம்மா. எங்கிட்ட மட்டும் வாணாம்."

மலை ஏறும்போது கூடையை அவர் தலையில் வைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். வழியில் பட்ட நல்ல புல்லையெல்லாம் பிடுங்கிக் கூடையில் போட்டார். பாப்பா இரண்டு இழை கடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வீடு வந்ததும் கூண்டில் விட்டு, புல் போட்டு, தண்ணீர் வைத்தார். அன்று சாயங்காலம் வாய்க்கூடை மாட்டவில்லை. அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்து என்ன மருந்து கிடைத்தது என்று விசாரித்தாள். ஒன்றுமில்லை என்றார். அவள் அதை மருந்து கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, பாவம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வெளிச்சம் வருகிறபோது மாதையன் கூண்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் எதைத் தடுக்க உட்கார்ந்தாரோ அது நடக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார். பாப்பா எழுந்தது. குனியப் பார்த்தது. தலை பாதி வழி போனது, பின்னங்கால் தாங்காமல் பக்கவாட்டில் சாய்ந்தது. மறுபடியும் எழுந்து குனியப் பார்த்து, மறுபடியும் சாய்ந்தது. பிறகு முயற்சி செய்யவில்லை. கருப்பாக, திராட்சைக் குலை போல் ஒட்டிக்கொண்டு, மெழுகுப் பளபளப்போடு அந்தக் கழிவு தாள் மேல் விழுந்து கிடந்தது. பாப்பாவால் அது கிடந்த இடம்வரை கழுத்தை நீட்ட முடியவில்லை.

மாதையன் கூண்டுக்குள் கையை விட்டு அதை எடுத்தார். இளஞ்சூடாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பாப்பாவின் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். அதன் மூக்கு ஒரு தரம் துடித்தது. அந்தக் கை வாய்க்கு வந்தால் என்ன வரும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். காதுகளை முதுகோடு ஒட்டி, வாயை இறுக்கிக்கொண்டு, தலையை மூலைக்குத் திருப்பிக்கொண்டது.

முயலின் வாயைத் திறக்க அவருக்கு வழி தெரியும். திறக்கவில்லை. கையை விரித்தபடியே அதன் வாய்க்கு எட்டுகிற இடத்தில் தாள் மேல் வைத்தார். வைத்துவிட்டு, தன் முகம் பாப்பாவுக்குத் தெரியாதபடி சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.